நுரை அங்கியா, காற்றடைக்கும் அங்கியா?

கொழும்பிலிருந்து கனடாவிலுள்ள உறவினரிடம் செல்வோர் பான்ஃப் தேசியப் பூங்காவின் லூயிஸ் ஏரியில் படகு வலிக்க விரும்பினால், உயிர்காப்பு அங்கியைத் தெரிவு செய்யும்போது நம்முடைய வெதுவெதுப்பான கடலை மறந்துவிட வேண்டும். பனியாறு உருகி நிரம்பும் அந்நீரில் விழுந்தவருக்கு முதல் 1 நிமிடம் மூச்சே வசப்படாது. ஏறத்தாழ 10 நிமிடங்களில் விரல்கள் மடங்க மறுத்துவிடும்.

காற்றடைக்கும் அங்கி மெல்லியது, துடுப்புப் போடுகையில் தோள்களைத் தடுக்காது. ஆனால் கையால் இயக்கும் வகையில், மூச்சுத் திணறும் அந்த வேளையிலேயே, காற்று நிரம்புவதற்கான கயிற்றைத் தேடி இழுக்க வேண்டியிருக்கும். கனடாவில் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது ஏற்கப்படுவதுமில்லை.

நுரை அங்கி பருமனானதுதான். எனினும் விழுந்த கணமே மிதக்கவைப்பதோடு நெஞ்சுக்குச் சற்றுக் கதகதப்பும் தருகிறது. பிள்ளைகளோடு செல்வோர் அதையே கேட்டு வாங்கி, கொக்கிகளைப் பூட்டி அங்கியின் தோள்பகுதியை மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். தாடைவரை ஏறினால் அளவு பெரியது.