கவாத்துக் கத்தரி: பைபாஸா, ஆன்விலா?

கவாத்தில், அதாவது செடியின் கிளைகளை வெட்டிச் சீர் செய்வதில், நான் செய்த தப்புகளில் பாதி, கத்தரியால் வந்தவை. முதலில் வாங்கியது ஆன்வில். இப்போது தினமும் எடுப்பது பைபாஸ்.

பைபாஸில் இரண்டு அலகுகளும் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று உரசிக் கடக்கும். ஆன்விலில் ஒரே கத்திதான். அது கீழே உள்ள தட்டின் மேல் வந்து உட்காரும். விலை, எடை, பிடி எல்லாம் அவரவர் கைக்கு ஏற்றபடி.

பச்சைக் கிளையை ஆன்வில் நசுக்கிவிடும். ரோஜாவில் மொட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே வெட்டினாலும், நசுங்கிய இடம் கருத்து, சில நேரம் மொட்டையும் சேர்த்துக் காய்ந்துவிடும். தட்டு தடிமனாக இருப்பதால் கிளையின் அடிவரை நெருங்கவும் முடியாது. அரை விரல் நீளத்துக்குக் குச்சி மிஞ்சும். அது காய்ந்து, அழுகல் உள்ளே இறங்கும். பைபாஸ், கிளைக் கழுத்துக்கு (கிளை தண்டோடு சேரும் இடத்தில் உள்ள புடைப்புக்கு) வெளியே ஒட்டி வெட்டும். கூர் அலகு மட்டும் செடியில் தங்கும் பக்கம் இருக்க வேண்டும். இதைத் தலைகீழாகப் பிடித்தே ஒரு வருடம் ஓட்டியிருக்கிறேன், அது வேறு கதை.

ஆனால் நான் மாறியதற்கு உண்மையான காரணம் சாணை. ஆன்வில் கத்தி முழு நீளத்துக்கும் தட்டில் படிய வேண்டும். தீட்டும்போது நடுப்பகுதி கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்தால் போதும், அங்கே இடைவெளி விழுந்து பட்டை நார் அறுபடாமல் தொங்கும். பிறகு இழுத்துப் பிய்க்கிறோம், செடியில் பட்டை உரிகிறது. மூடிய கத்தரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அந்த இடைவெளி தெரியும். பைபாஸில் அலகுகள் கடந்து போவதால் இந்தச் சின்னக் கோணல் பெரிதாகப் பாதிக்காது. சரிவான பக்கத்தை மட்டும், இருக்கும் சரிவை ஒட்டியே தீட்ட வேண்டும். தட்டையான பக்கத்தில் பிசிறை எடுத்தால் சரி. அந்தப் பக்கத்தையும் தேய்த்து ஒரு பைபாஸை நானே கெடுத்தேன். அலகுகளுக்கு நடுவே இடம் விழுந்து, இளந்தண்டு அறுபடாமல் மடங்கிச் சிக்கியது.

ஆன்விலைத் தூக்கிப் போடவில்லை. காய்ந்த குச்சிக்கு அதுதான் கைக்கு இதம். பைபாஸில் கடினமான காய்ந்த கட்டையை முறுக்கி வெட்டினால் அலகு விலகிவிடும். ராட்செட் (விட்டு விட்டு அழுத்தி, படிப்படியாக வெட்டும் அமைப்பு) வைத்த ஆன்விலை இரண்டு நாள்தான் இரவல் வாங்கிப் பார்த்தேன், அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தடித்த கிளை என்றால் இரண்டையும் வைத்துவிட்டு ரம்பம் எடுத்துவிடுவேன்.