பிர்னோவில் எதைப் பார்ப்பது: துகென்தாட் வில்லாவா, ஷ்பில்பெர்க் கோட்டையா?

செக் நாட்டின் பிர்னோவில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், என் ஓட்டு துகென்தாட் வில்லாவுக்கு. 1930இல் கட்டி முடிந்த இந்த வீட்டை வடிவமைத்தவர் ஜெர்மன் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ. கூடத்தில் மொராக்கோவிலிருந்து வந்த ஓனிக்ஸ் கல் சுவர். குளிர்காலத்துச் சாய்ந்த வெயில் பட்டால் சிவந்து ஒளிரும். பெரிய கண்ணாடி ஜன்னல்கள் மோட்டாரில் அப்படியே தரைக்குள் இறங்கிவிடும், கூடமும் தோட்டமும் ஒன்றாகிவிடும். அந்தக் காலத்திலேயே இப்படி யோசித்திருக்கிறார்கள்! 2001 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. ஒரே சிக்கல், டிக்கெட்டை வெகு முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.

கிடைக்கவில்லையா? சரி, ஷ்பில்பெர்க் கோட்டைக்குப் போங்கள். 13ஆம் நூற்றாண்டுக் கோட்டை, ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச வம்ச ஆட்சியில் கொடுஞ்சிறையாக இருந்தது. அந்த நிலவறைகளுக்குள் நடந்து பார்க்கலாம். நகர அருங்காட்சியகமும் இங்கேதான். வரலாற்றுப் பிரியர்களுக்கு வில்லாவைவிட இதுவே பிடிக்கும்.