உறைகுளிரில் லித்தியம் பேட்டரி: எந்த ஏற்பாடு கட்டுப்படியாகும்?

செல்களை வாங்கித் தாமே கோத்து சோலார் பேட்டரி செய்துகொண்டவர்களுக்கு, பனிக்காலம் நெருங்கும்போது நான்கு வழிகள் இருக்கின்றன. பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுபோகலாம். வெளியிலேயே விட்டு, குளிர் கூடினால் சார்ஜ் நிற்கும்படி அமைத்துவிடலாம். காப்புப் பெட்டி கட்டி அடியில் சூடேற்றலாம். அல்லது தானே சூடேற்றிக்கொள்ளும் ஆயத்த பேட்டரியை வாங்கிவிடலாம். நான் எடுத்தது மூன்றாவது வழி. வீட்டுக்குள் தகுந்த இடம் இல்லாதவருக்கு, பெட்டியைச் சரியாகக் கட்டினால் இதுதான் நல்லது என்பது என் முடிவு. அந்தச் 'சரியாக' என்பதில்தான் பேசவேண்டியது நிறைய இருக்கிறது.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததே. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்லைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. குளிரில் லித்தியம் அயனிகள் எதிர்மின்வாயான கிராஃபைட்டுக்குள் போதிய வேகத்தில் நுழைய முடியாமல், அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் பெரும்பகுதி திரும்ப வராது. கொள்ளளவு போனது போனதுதான். அந்தப் படிவு வளர்ந்து, இரு மின்வாய்களுக்கும் நடுவேயுள்ள மெல்லிய பிரிப்பானைத் துளைத்தால் செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். ஆனால் மின்சாரம் எடுப்பதற்கு இந்தத் தடை இல்லை. பெரும்பாலான செல்கள் மைனஸ் 20 வரை கொடுக்கும். ஆக, கதகதப்பு கட்டாயமாகத் தேவைப்படுவது வெயில் அடிக்கும் நேரத்துக்கு மட்டும்தான். நான்கு வழிகளையும் இதை வைத்தே எடைபோடுகிறேன்.

வீட்டுக்குள் வைப்பது: இடம் இருந்தால் இதற்கு ஈடு எதுவும் இல்லை. சூடேற்றும் செலவு தனியாக இல்லை, பழுதாக ஒன்றும் இல்லை. எல்எஃப்பி மற்ற லித்தியம் வகைகளைவிட எளிதில் தீப்பிடிக்காதது உண்மை. ஆனால் செல் கெட்டுச் சூடேறினால் அதிலிருந்து வெளியேறும் வாயு எரியக்கூடியது. ஆகவே படுக்கும் அறையிலோ, வெளியேறும் வழியிலோ கையால் கோத்த பேட்டரியை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. உள்ளூர்க் கட்டட விதியும் காப்பீட்டு நிபந்தனையும் என்ன சொல்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். மனிதர் தூங்காத, தனிக் கதவுள்ள, உறையாத அறை இருக்கிறதா? சரி, மேற்கொண்டு படிக்காமல் அங்கேயே வைத்துவிடுங்கள்.

சார்ஜை நிறுத்துவது மட்டும்: இதைத் தனி வழியாக நான் ஏற்கவில்லை. ஆனால் எந்த வழியை எடுத்தாலும் இது கூடவே இருந்தாக வேண்டும். நிறுத்தும் வேலையை, செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுப் பலகையான பிஎம்எஸ்ஸிடம் மட்டும் விடக் கூடாது. சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது பிஎம்எஸ் திடீரென்று துண்டித்தால், சில கண்ட்ரோலர்களில் வோல்டேஜ் எகிறும். முதலில், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவேயிருந்து சார்ஜை நடத்தும் எம்பிபிடி கண்ட்ரோலர் நிறுத்த வேண்டும். பிஎம்எஸ் கடைசிக் காவலாக இருக்க வேண்டும். விக்ட்ரான் நிறுவனத்தின் ஸ்மார்ட்சோலார் கண்ட்ரோலரில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. ஆனால் பேட்டரி மேல் ஒட்டிய உணரியிலிருந்து அதற்கு வெப்பநிலை போய்ச் சேர வேண்டும். கண்ட்ரோலரை 5 டிகிரிக்கும் பிஎம்எஸ்ஸை 1 அல்லது 2 டிகிரிக்கும் வையுங்கள். இந்த வழியில் செல்லுக்குச் சேதம் வராது, ஆனால் சார்ஜும் ஏறாது. வாரக்கணக்கில் உறைகுளிர் நீடிக்கும் இடத்தில் பேனல் இருந்தும் இல்லாத கதைதான். கோடையில் மட்டும் பயன்படும் குடிலுக்கு இது போதும்.

இனி பெட்டி. பலரும் முதலில் கேட்பது "எத்தனை வாட் ஹீட்டர் பேட் வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் காப்புப் பலகையின் தடிமனைப் பற்றிக் கேட்க வேண்டும். ஏன் என்பதைக் கணக்கே சொல்லிவிடும்.

280 ஆம்பியர் மணி செல் பதினாறு கோத்த 51.2 வோல்ட் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு சுமார் 14.3 கிலோவாட் மணி. ஒரு செல் ஏறத்தாழ 5.4 கிலோ, மொத்தம் 86 கிலோ. இவ்வளவு எடையை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 24 வாட் மணி வேண்டும். இதை வைக்கும் பெட்டிக்கு மேற்பரப்பு ஏறத்தாழ 2 சதுர மீட்டர் வரும்.

வெறும் தகரப் பெட்டியாக இருந்தால், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 10 வாட்டுக்கு மேல் வெளியேறும். வெளியே மைனஸ் 10, உள்ளே 5 என்றால் 150 வாட் இடைவிடாமல் ஓட வேண்டும். ஒரு நாளைக்கு அது 3.6 கிலோவாட் மணி, பேட்டரியில் கால் பங்கு. பனிக்காலத்து வெயிலில் சிறிய பேனல் தொகுதி ஒரு நாளில் தருவதே அவ்வளவுதான் இருக்கும்.

அதே பெட்டியைச் சுற்றி 50 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் (பாலிஸ்டைரீன்) நுரைப்பலகை ஒட்டினால் இழப்பு டிகிரிக்கு 1.4 வாட்டாக இறங்கிவிடும். அதே குளிருக்கு 20 வாட் போதும். ஒரு நாளைக்கு அரை கிலோவாட் மணி. 100 மில்லிமீட்டர் ஒட்டினால் அதிலும் ஏறக்குறைய பாதி. பேட்டரியில் நூற்றுக்கு இரண்டு பங்கு கொடுத்து மீதியைக் காப்பாற்றிக்கொள்கிறோம்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, ஹீட்டர் நின்றுபோனால் என்ன ஆகும் என்பது. உள்ளே 5 டிகிரி, வெளியே மைனஸ் 10. தகரப் பெட்டியில் ஒரு மணி நேரத்துக்குள் செல்கள் பூஜ்ஜியத்தைத் தொட்டுவிடும். 50 மில்லிமீட்டர் காப்பில் சுமார் 7 மணி நேரம் ஆகும். 100 மில்லிமீட்டரில் 14 மணி நேரம், அதாவது ஒரு நீண்ட இரவு முழுவதும். 86 கிலோ செல்லே ஃப்ளாஸ்க்கில் ஊற்றிய வெந்நீர் மாதிரி சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. காப்பு தடிமனாக இருந்தால் ஹீட்டர் சிறியதாக இருக்கலாம், அது ஓர் இரவு பழுதானாலும் செல்கள் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது. நுரைப்பலகைக்குப் பராமரிப்பு கிடையாது. ஹீட்டரை இயக்கும் ரிலே சுவிட்சும் பேடும் என்றாவது ஒருநாள் கெடும். பணத்தை எதில் போடுவது என்பதற்கு எனக்கு இதுவே போதுமான பதில்.

இரவில் ஆறவிட்டு விடியலில் சூடேற்றலாமே என்று கேட்கலாம். மைனஸ் 10-லிருந்து 5-க்கு ஏற்ற 360 வாட் மணி வேண்டும். 100 வாட் ஹீட்டருக்கு அது மூன்றரை மணி நேர வேலை. குறுகிய பகலில் நல்ல வெயில் அதற்குள் போய்விடும். கொஞ்சமாக, தொடர்ந்து சூடேற்றுவதே மேல். அதற்காக 20, 25 டிகிரியில் வைக்க வேண்டாம். சக்தி வீண், செல்லுக்கும் அதில் பெரிய லாபம் இல்லை. 5 முதல் 10 டிகிரி போதும். அந்த அளவில் சார்ஜ் வேகத்தை மட்டும் செல் தயாரிப்பாளர் கொடுத்த அட்டவணைப்படி குறைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டும்போது சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பேடைச் செல்லில் நேராக ஒட்டாமல் அலுமினியத் தகட்டின் அடியில் ஒட்டி, தகட்டின் மேல் மின்காப்புத் தாள் விரித்து, அதன்மேல் செல்களை வையுங்கள். சூடு பரவலாக ஏறும். உணரியைத் தகட்டில் வைத்தால் அது தகட்டின் சூட்டைத்தான் சொல்லும். ஓரத்துச் செல்லின் மேற்பகுதியில் ஒட்டுங்கள், கடைசியாகச் சூடாகும் இடம் அதுதான். மலிவான தெர்மோஸ்டாட்டில் ரிலே ஒட்டிக்கொண்டு ஹீட்டர் அணையாமல் ஓடுவதுண்டு. ஆகவே தகட்டிலேயே சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு பைமெட்டல் கட்-ஆஃபையும் ஒரு தெர்மல் ஃப்யூஸையும் தொடரில் போடுங்கள். 60 வாட்டுக்கு மேல் பேட் வாங்காமல் இருப்பதும் ஒரு பாதுகாப்பு. எக்ஸ்பிஎஸ் எரியும் பொருள். தகட்டுக்கும் அதற்கும் நடுவே சிமென்ட் போர்டு இருக்கட்டும். அப்புறம், பேட்டரி 30 சதவீதத்துக்குக் கீழே போனால் ஹீட்டர் அணையும்படி வையுங்கள். வெயிலே இல்லாத வாரத்தில் சூடேற்றியே பேட்டரியைக் காலி செய்வதைவிட, செல்லைக் குளிரில் சும்மா கிடக்கவிடுவது நல்லது. சார்ஜ் ஏறாதவரை குளிர் அதைப் பெரிதாக ஒன்றும் செய்யாது.

ஆயத்தமாகச் சூடேற்றிக்கொள்ளும் பேட்டரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நான் அதைத் தொடர்ந்து பயன்படுத்தியதில்லை. சார்ஜர் மின்சாரம் வந்ததும் அதை முதலில் உள்ளேயுள்ள ஹீட்டருக்குத் திருப்பி, செல்கள் சூடான பிறகு சார்ஜைத் திறந்துவிடும். யோசனை நல்லது. ஆனால் மெல்லிய உறைக்குள் காப்பு ஏதும் இல்லாத பேட்டரி என்றால் மேலே சொன்ன தகரப் பெட்டிக் கணக்குதான் அதற்கும். ஹீட்டர் கெட்டால் பிரித்து மாற்றுவதும் சிரமம். வண்டியிலோ படகிலோ 100 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றே ஒன்று வைத்திருப்பவருக்கு அதைப் பரிந்துரைப்பேன். பதினாறு செல் அடுக்கி வைத்திருப்பவர், அந்தப் பணத்தில் நுரைப்பலகையை இன்னும் 50 மில்லிமீட்டர் தடிமனாகப் போட்டுக்கொள்ளலாம். கோடையில் கழற்றி வைக்கும்படி மேல்மூடியை மட்டும் தனியாகச் செய்துகொள்ளுங்கள்.