ராம் (RAM) போடக் கொடுத்த கணினியில் விஎம்மை மாற்றி, இல்லாத லைசென்ஸுக்குக் காசும் வாங்கினார்கள்

யாழ்ப்பாணத்தில் அச்சகமோ டைப்செட்டிங்கோ வைத்திருப்பவர்கள் பலரிடம் இன்னும் ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி, விஎம்முக்குள் (கணினிக்குள் மென்பொருளால் உண்டாக்கிய இன்னொரு கணினி) ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கணினியைத் திருத்தக் கொடுப்பதாக இருந்தால், விஎம்மில் கை வைக்கக் கூடாது என்று வேலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னால் காணாது.

நான் கொடுத்தது ராம் கூட்டவும், ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடவும். நகரத்துக்குள் இருக்கும் கடைதான், பெயர் வேண்டாம். கணினியில் விஎம்மை ஓட்டும் மென்பொருளான விஎம்வெயர் வேர்க்ஸ்டேஷன் 16 இருந்தது. அதற்குள் எக்ஸ்பி, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7, பாமினி எழுத்துரு. கல்வெட்டு (இறந்தவர் நினைவு மலர்), கோயில் மலர், கலியாணக் காட் என்று பல வருட வேலை எல்லாம் அதில்தான். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு வந்தது 2001இல். ஒழுங்காக ஓடுகிறதை ஏன் அசைப்பான் என்று அப்படியே விட்டிருந்தேன்.

கணினியோடு வந்த பில்லில், நான் கேட்காத ஒரு வரி: ‘விஎம் அப்கிரேட், லைசென்ஸ் 24,500 ரூபா’.

“பழசு அண்ணை. அப்கிரேட் செய்யாட்டி வைரஸ் வரும். லைசென்ஸ் எடுத்துத்தான் போட்டிருக்கிறம்” என்றான் கடைப் பெடியன்.

இந்த வேர்க்ஸ்டேஷன் ப்ரோவுக்கு இப்போது காசே கிடையாது. பிராட்கொம் நிறுவனம் 2023 நவம்பரில் விஎம்வெயரை வாங்கியது. 2024 மே மாதம் வீட்டுப் பாவனைக்கு இலவசமாக்கினார்கள், அதே வருடம் நவம்பரில் வியாபாரப் பாவனைக்கும் இலவசம் என்று அறிவித்தார்கள். அவர்களுடைய தளத்தில் ஒரு கணக்குத் திறந்தால் இறக்கிக்கொள்ளலாம். புதிய பதிப்புகள் லைசென்ஸ் இலக்கம்கூடக் கேட்பதில்லை. அப்படியென்றால் எனக்கு எந்த லைசென்ஸை எடுத்துப் போட்டார்கள்? கேட்டேன். முதலாளி வந்தபிறகு கதையுங்கோ என்றான்.

காசை விடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து எக்ஸ்பியைத் திறந்தால், ‘கணினியின் வன்பொருள் பெரிதாக மாறிவிட்டது, 3 நாளுக்குள் மீண்டும் ஆக்டிவேட் செய்’ என்று நிற்கிறது. நடந்தது இதுதான். விஎம் இருக்கும் ஃபோல்டரை வேறு டிஸ்கில் வைத்துத் திறந்தால், இதை நகர்த்தினாயா, நகல் எடுத்தாயா என்று வேர்க்ஸ்டேஷன் ஒரு கேள்வி கேட்கும். நகர்த்தினேன் என்றால் எல்லாம் பழையபடி இருக்கும். நகல் என்றால் விஎம்முக்குப் புது அடையாள இலக்கமும், நெட்வேர்க் காட்டுக்குப் புது மாக் முகவரியும் கொடுத்துவிடும். பெடியன் நகல் என்று அமத்தியிருக்கிறான். அதோடு நிற்காமல், விஎம்முக்குள் தெரியும் வன்பொருளின் பதிப்பையும் உயர்த்தியிருக்கிறான். எக்ஸ்பி பார்வையில் இது வேறொரு கணினி. பின்னுக்குப் போகலாம் என்று பார்த்தால், விஎம்மின் முந்தைய நிலையைச் சேமித்து வைக்கும் ஸ்னாப்ஷொட் எல்லாவற்றையும், இடம் பிடிக்கிறது என்று அழித்திருந்தார்கள்.

அந்த நேரம் கையில் ஒரு அந்தியேட்டிக் கல்வெட்டு பாதியில் கிடந்தது. 31ஆம் நாளைத் தள்ளிப்போடச் சொல்லி அந்த வீட்டாரிடம் கேட்க முடியுமா? தெரிந்த இன்னொரு அச்சகத்தில் கொடுத்து, முதலில் இருந்து அடிப்பித்து, என் கைக்காசில் முடித்தேன்.

வைரஸ் கதை முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். 2025 மார்ச்சில்கூட, விஎம்முக்குள் இருந்து வெளிக் கணினிக்குத் தாவக்கூடிய ஓட்டை ஒன்றை வேர்க்ஸ்டேஷனில் அடைத்தார்கள். கண்ட கண்ட ஃபைலை விஎம்மில் திறந்து பார்ப்பவர்கள் அப்டேட் செய்யத்தான் வேண்டும். என் எக்ஸ்பிக்கு இணையமே இல்லை. விண்டோஸ் 11இற்கு மாறுகிறவர்களுக்கும் காரணம் இருக்கலாம்: அதில் ஹைப்பர்-வி (விண்டோஸின் சொந்த விஎம் வசதி) சார்ந்த பாதுகாப்பு இயங்கினால், 15.5.5இற்கு முந்தைய வேர்க்ஸ்டேஷன் ஓடாது. அப்படி ஒன்றும் இல்லாமல், பழசு என்பதற்காக மட்டும் மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மாற்றத்தான் வேண்டுமென்றால், விஎம்மை சஸ்பெண்டில் (பாதியில் உறைய வைத்து) விடாமல் முழுதாக நிறுத்திவிட்டு, ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்து வையுங்கள். மென்பொருளை மாற்றுவதும் விஎம்மின் வன்பொருள் பதிப்பை மாற்றுவதும் இரண்டு வேலை. முதலாவதைச் செய்தால் இரண்டாவதையும் செய்தாக வேண்டும் என்றில்லை. புது வேர்க்ஸ்டேஷனில் பழைய பதிப்பு விஎம் தாராளமாக ஓடும்.

என்னிடம் அப்படி ஒரு பழைய நகல் வெளி டிஸ்கில் இருந்தது. அதைத் திறந்து, நகர்த்தினேன் என்று பதில் கொடுத்ததும் எக்ஸ்பி முணுமுணுக்காமல் வந்தது. கடைக்காரர் குழப்பிய விஎம்மின் டிஸ்கை இதில் இரண்டாவது டிஸ்காகச் சேர்த்து, பிந்திய ஃபைல்களை எல்லாம் இழுத்து எடுத்தேன்.

முதலாளியைக் கண்டு கேட்டபோது, அந்த 24,500 வேலைக்கூலி என்றார். பில்லில் லைசென்ஸ் என்று தெளிவாக இருக்கிறது. அதைப் படமெடுத்து வைத்திருக்கிறேன், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பில்லிலும் இப்படி ஒரு வரி இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். சபையின் தொலைபேசி இலக்கம் 1977.