முன்னோரைத் தேடக் காசு கட்டும் முன் இதைப் பாருங்க: அமெரிக்க தேசிய ஆவணக் காப்பக இணையதளம்

எங்க அக்கா மருமகன் அமெரிக்கர். பெருந்துறையில் கல்யாணப் பேச்சு எடுத்ததுமே பெரியப்பா கேட்டது, மாப்பிள்ளை என்ன கூட்டம், குலதெய்வம் எங்கே என்பதுதான். அவங்க வீட்டுக்குத் தெரிந்ததோ ஒன்றே ஒன்று: அமெரிக்கச் சுதந்திரப் போரில் வட கரோலினா மாநில மிலிஷியாவில், அதாவது ஊர்க்காரர்களே சேர்ந்த படையில், இருந்த ஒரு முன்னோரின் பெயர். அந்தப் பெயரோடு மாநிலத்தையும் சேர்த்து இந்தத் தளத்தில் தேடினோம், பென்ஷன் கோப்பு முழுசாகக் கிடைத்தது.

முழுக்க இலவசம். பக்கம் பக்கமாகப் படம் இருக்கிறது, இறக்கிக்கொள்ளக் கணக்குகூட வேண்டாம். கோப்பு எண்ணுக்கு முன்னால் எஸ் என்றால் வீரரே வாங்கியது, டபிள்யூ என்றால் விதவை கேட்டது, ஆர் என்றால் நிராகரித்தது.

1832 சட்டப்படி ஆறு மாதமாவது படையில் இருந்த மிலிஷியாக்காரருக்கும் பென்ஷன் உண்டு. பேப்பர் இல்லாதவர்கள் கோர்ட்டில் நின்று எங்கே பிறந்தோம், எந்தக் கேப்டனிடம் இருந்தோம் என்று வாயால் சொல்ல, அதை எழுதிக்கொண்டார்கள். இந்த முன்னோரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்: அப்பாவுக்குப் பதிலாகப் போனது, மூன்று மாதம் முடித்து வந்து உழவு பார்த்தது, மறுபடி கூப்பிட்டதும் போய் 1781 மார்ச் 15 அன்று கில்ஃபோர்டு கோர்ட்ஹவுஸ் சண்டையில் முன்வரிசையில் நின்றது. அந்த வரிசையை அமெரிக்கப் படைத்தலைவர் ஜெனரல் கிரீன் இரண்டு முறை சுட்டுவிட்டுப் பின்வாங்கத்தான் சொல்லியிருந்தார். வாக்குமூலத்தின் அடியில் கையெழுத்து இல்லை, ஒரு பெருக்கல் குறி மட்டும்.

1836 சட்டத்துக்கு அப்புறம் விதவைகளும் கேட்கலாம் என்பதால், அவர் மனைவியின் மனுவும் அதே கோப்பில் இருக்கிறது. கல்யாணத்துக்கு ஆதாரமாகக் குடும்ப பைபிளிலிருந்து கிழித்துக் கொடுத்த ஒரு தாள், அதில் வரிசையாகப் பிள்ளைகள் பிறந்த தேதி, ஒரு பெண் குழந்தைக்கு மட்டும் பக்கத்திலேயே இறந்த தேதியும். நம்ம பக்கம் கூட்டமும் காணியும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம், ஆனால் கட்டி வந்த ஆத்தாக்கள் பேரைக் கேட்டால் நாலு தலைமுறைக்கு மேல் யாருக்கும் தெரியாது. எனக்கு அது பெரிய வருத்தம்.

குறை என்றால் பழைய கையெழுத்துதான், படிக்கக் கண் வலிக்கும். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைக்கிறார்கள், எல்லாப் பக்கத்துக்கும் இன்னும் வரவில்லை. ஒரே பெயரில் நிறையப் பேர் வருவார்கள், கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) பெயரை வைத்துச் சரிபாருங்க. பென்ஷன் கேட்காமலே இறந்தவருக்குக் கோப்பே இருக்காது. போனில் வேண்டாம், லேப்டாப்பில் பாருங்க. இதே பக்கங்களைச் சந்தா வாங்கிக் காட்டும் தளங்களும் உண்டு, முதலில் இங்கே தேடிவிட்டுப் போங்க. ஐந்துக்கு நாலரை.