“அம்மா, அவரே சொல்லட்டும்”: கடலூரில் ஓர் ஓபி அனுபவம்

லண்டனிலிருந்து ஊருக்கு வந்தால் தம்பியை கடலூர் அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போவது என் பொறுப்பு. அம்மாவும் விடாமல் கூடவே வருவார். ஓபி (வெளிநோயாளி) சீட்டு, பழுப்பு அட்டை போட்ட நோட்டு, மாத்திரை கவுன்டரில் துண்டு போட்டு இடம் பிடிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியாததா.

கல்லூரியில் படிக்கும்போது தம்பிக்கு சைக்கோசிஸ் என்ற மனநோய் வந்தது. யாரோ தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது போலக் குரல்கள். குணமாகும் என்று அவனோடு குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கினார்கள். அப்புறம் பாண்டி பஸ் ஏறி ஜிப்மர் ஆஸ்பத்திரி, அதற்கும் அப்புறம் கடலூரிலேயே. குரல்கள் அடங்கி வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் வேலைதான் நிலைக்கவில்லை. திருப்பாப்புலியூரில் ஒரு பாத்திரக் கடையில் சேர்ந்தான். பதினோரு மணிக்கு கல்லாப் பக்கம் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறான் என்று முதலாளி அனுப்பிவிட்டார். வீட்டிலும் அவனுக்கு ‘சோம்பேறி’ பட்டம்.

இந்த முறை வரிசையில் நின்றபோதே எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. சீட்டு எழுதுகிறவர் தம்பியை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் என்னிடம், “பேஷண்ட் பேசுவாரா?” என்றார். பேஷண்ட் பக்கத்திலேயே நின்று, அவர் பேனாவைக் கீழே போட்டதும் குனிந்து எடுத்துக் கொடுத்தான். உள்ளே போனாலும் அதே கதைதான். “நல்லா தூங்குறாரா? சாப்பிடுறாரா? தொந்தரவு பண்றாரா?” கேள்வி எல்லாம் அம்மாவுக்கு. அம்மாவும் ஒப்பிப்பது போல “தொந்தரவே இல்லீங்க” என்பார். தொந்தரவு இல்லாமல் இருந்தாலே குணமாகிவிட்டான் என்று அர்த்தம் போல.

லண்டனில் எங்கள் தெருவில் ஒரு தமிழ்ப் பையனுக்கும் இதே நோய். அங்கே 2016-ல் ஒரு விதி வந்தது: முதல் முறை சைக்கோசிஸ் வந்தவர்களில் குறைந்தது பாதிப் பேருக்காவது, சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட இரண்டு வாரத்துக்குள் அதைத் தொடங்கிவிட வேண்டும் என்று. பிறகு அந்தப் பாதி அறுபது சதவீதமாகவும் உயர்ந்தது. அவனுக்கென்று ஒரு கேர் கோஆர்டினேட்டர். அவர் வீட்டுக்கே வந்து, “உனக்கு என்ன செய்யணும்னு ஆசை?” என்று கேட்டு எழுதிக்கொள்வார். ரெக்கவரி காலேஜ் என்று ஒன்றும் உண்டு. நோயைக் கடந்து வந்தவர்களே ஊழியர்களோடு சேர்ந்து அங்கே வகுப்பு எடுக்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பையன் ஒற்றை அறையில் தனியாகத்தான் இருக்கிறான். கேர் கோஆர்டினேட்டரும் அடிக்கடி மாறுவார், ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். என் தம்பிக்கு மாத்திரை இலவசம், சுடச்சுட இட்லி, சாயங்காலம் சில்வர் பீச்சுக்குக் கூட்டிப் போகப் பக்கத்து வீட்டு அண்ணன். அங்கே இருப்பது இங்கே இல்லை, இங்கே இருப்பது அங்கே இல்லை. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் யாருக்கு என்ன நஷ்டமோ!

அன்றைக்குப் புதிதாக ஓர் இளம் பெண் இருந்தார். சமூகப் பணியாளராம். வழக்கம்போல அம்மா ஆரம்பித்ததும் அவர் தன் நாற்காலியைத் தம்பி பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். “நீங்க சொல்லுங்க அண்ணே, இப்போ உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?”

தம்பி பதில் சொல்லவில்லை. அம்மா வாயைத் திறந்தார். “அம்மா, அவரே சொல்லட்டும்” என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார். பின்னால் வரிசை முணுமுணுத்தது, யாரோ கதவைக்கூடத் தட்டினார்கள். அவர் திரும்பவே இல்லை. நோட்டின் முனையை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்த தம்பி கடைசியில் சொன்னான்: “கடைக்குப் போகணும். காலைல மாத்திரை போட்டா பதினோரு மணிக்கு கண்ணு சொக்குது. அதை மட்டும் நிறுத்த முடியுமா?”

அம்மா பதறிவிட்டார். “ஐயோ, நிறுத்திடாதீங்கம்மா!”

நிறுத்தவில்லை. அந்தப் பெண் நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். தம்பி சாப்பிடுவது ஓலன்சபின், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. தூக்கம் வர வைக்கிற மாத்திரை அது. டாக்டர் பார்த்துவிட்டு மொத்த அளவையும் ராத்திரிக்கே மாற்றி எழுதினார். எடையும் சுகரும் பார்த்து வரச் சொன்னார். அவ்வளவுதான், பேனாவால் ஒரு கோடு. இத்தனை வருடமாகச் சோம்பேறி என்று திட்டினோமே, இதை யாராவது அவனிடம் கேட்டிருக்கலாம் இல்லையா?

நம் ஊரில் சட்டம் இல்லாமல் இல்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் நோயாளி தனக்கு எந்த மாதிரி சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தன் சார்பில் பேச யார் வேண்டும் என்பதையும் அவரே சொல்லலாம். அந்தக் காகிதத்தை எங்கள் பிரிவில் யாரும் எடுத்துக் காட்டி நான் பார்த்ததில்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 மட்டும் என் போனில் இருக்கிறது, அதையும் நானேதான் தேடிச் சேர்த்தேன்.

முதலாளியைப் போய்ப் பார்த்தோம். மதியம் வரைக்கும் வரட்டும், பார்க்கலாம் என்றார். சம்பளத்தை அம்மா கையில் கொடுக்க வேண்டாம், தன் கையிலேயே கொடுங்கள் என்று தம்பி கேட்டான். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அது வேறு பஞ்சாயத்து, இன்னும் முடியவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் கவுன்டரில் விசாரித்தேன். அந்தப் பெண் ஒப்பந்த வேலையில் இருப்பவராம். அடுத்த மாதமும் இருப்பாரா என்று கேட்டதற்கு, “யாராவது இருப்பாங்க” என்றார் கவுன்டர்காரர்.