எல்லாக் கதவுக்கும் பொருந்தும் என்றார்கள்: பயணப் பூட்டு வாங்கி ஏமாந்த கதை

வேலை காரணமாக மாதத்தில் எட்டு, பத்து நாள் வெளியூர் லாட்ஜில் தங்குகிறவள் நான். போன வருடம் மதுரையில் ஒரு லாட்ஜ். குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். "யாரு?" என்று கேட்டு முடிப்பதற்குள் சாவி திரும்புகிற சத்தம், கதவும் திறந்தாயிற்று. "தண்ணி கேன் மேடம்" என்று ரூம் பாய் நிற்கிறான். தாழ்ப்பாள் போட்டிருக்கலாமே என்பீர்கள். தாழ்ப்பாள் இருந்தது. அது போய் நுழைய வேண்டிய ஓட்டைதான் நிலையில் இல்லை.

அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் செல்போனில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. கையடக்கமான பூட்டு, முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், உலகத்தில் எந்தக் கதவுக்கும் பொருந்தும், ரூ.1,299 அடித்து ரூ.599. உடனே ஆர்டர் போட்டேன்.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. பூட்டின் நாக்கு போய் விழுகிற ஓட்டை நிலையில் இருக்கும் அல்லவா, அதற்குள் பல் வைத்த ஒரு தகட்டை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும். தகட்டின் மறுமுனை அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் துளையில் கைப்பிடித் துண்டைச் செருகினால் அது கதவுக்குக் குறுக்கே நிற்கும். வெளியே இருப்பவரிடம் மாற்றுச் சாவி இருந்தாலும் கதவைத் தள்ள முடியாது. யோசனை நல்ல யோசனைதான், அதைக் குறை சொல்லவில்லை.

முதலில் வீட்டில் மாட்டிப் பார்த்தேன். எங்களுடையது பழைய இரட்டைக் கதவு, நிலையில் ஓட்டையே கிடையாது. சரி, நம் வீட்டுக் கதவின் கோளாறு என்று விட்டுவிட்டேன். அங்கேயே விழித்திருக்க வேண்டும். அடுத்து கோவையில் ஒரு புது லாட்ஜ். கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு அட்டை நுழைகிற சந்துகூட இல்லை. தகட்டை மாட்டினால் கதவு சாத்தவே மாட்டேன் என்கிறது. அப்புறம் ஏற்காட்டில் வாடகைக்கு எடுத்த வீட்டில் படுக்கையறைக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. இந்தப் பூட்டு உள்பக்கம் திறக்கிற கதவுக்கு மட்டும்தான் என்று அங்கேதான் எனக்கு உறைத்தது. விளம்பரத்தில் ஓரிடத்திலும் அதைச் சொல்லவில்லை.

நான்காவதாகத் திருச்சியில் ஒருவழியாகப் பொருந்தியது. கூட வந்த தோழியை வெளியே நிறுத்தித் தள்ளச் சொன்னேன். 'டக்' என்று சத்தம். கைப்பிடித் துண்டின் முனை முறிந்து தரையில் கிடந்தது. "அக்கா, நான் இடிக்கவே இல்லை, சும்மா தோளை வச்சேன்" என்கிறாள் அவள். முறிந்த இடத்தைப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக இருந்தது. தகடு எஃகுதான். கைப்பிடியோ ஏதோ மலிவான உலோகத்தில் வார்த்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பேக்கிங் பிரித்துவிட்டால் ரிட்டர்ன் கிடையாது, பொருந்தவில்லை என்பது பழுதில் சேராது" என்று பதில். பிரிக்காமல் எப்படியம்மா கதவில் மாட்டிப் பார்ப்பது? 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்க முடியாது. புகார் வந்து சேர்ந்தது என்று 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். இதை எழுதி அனுப்பியதும் அந்தப் பக்கம் பேச்சு மூச்சில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்தேன். தமிழிலேயே பேசலாம். பில், விளம்பரப் படம், பொருளின் படம் எல்லாம் கேட்டார்கள். விளம்பரத்தை நான் படம் பிடித்து வைத்திருக்கவில்லை. இப்போது போய்ப் பார்த்தால் 'எல்லாக் கதவுக்கும்' என்ற வரியையே எடுத்துவிட்டிருக்கிறார்கள். விற்பவரின் முகவரி இருந்த பார்சல் உறையையும் குப்பையில் போட்டிருந்தேன். நீங்கள் வாங்கினால் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், வழக்கமாகத் தங்கும் இடத்தின் கதவை முதலில் பாருங்கள்: உள்பக்கம் திறக்கிறதா, நிலையில் தகடு பதித்த ஓட்டை இருக்கிறதா, சந்து இருக்கிறதா. விளக்கை அணைத்துவிட்டுக் கழற்றிப் பழகுங்கள். கரண்ட் போன நேரத்தில் புகை வந்தால் தடவிக்கொண்டிருக்க முடியாது. இன்னொன்று, இது நாம் உள்ளே இருக்கும்போது மட்டும்தான். வெளியே கிளம்பினால் பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் ஒரு காவலும் இல்லை.

இப்போது என் பையில் இருப்பது ஒரு ரப்பர் ஆப்பு. அதுவும் உள்பக்கம் திறக்கும் கதவுக்குத்தான். டைல்ஸ் தரையில் தூசி இருந்தால் வழுக்கும், துடைத்துவிட்டுத்தான் வைக்கிறேன். லாட்ஜில் பணம் கட்டும் முன்னே அறைக்குப் போய்த் தாழ்ப்பாளை ஒரு தரம் போட்டுப் பார்க்கிறேன். ரிசப்ஷனில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், பார்க்கட்டும். 599 ரூபாய் இன்னும் வரவில்லை.